ஒரே குளத்தை நம்பலாமா?

2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. திங்கட்கிழமை. இரவு மணி 9-ஐத் தாண்டியது.

திடீரென்று வாட்ஸ்அப் நின்றது. பேஸ்புக் நின்றது. இன்ஸ்டாகிராமும் நின்றது. ஓர் ஊரில் அல்ல; ஒரு நாட்டில் அல்ல; உலகம் முழுவதும் நின்றது.

கோடிக்கணக்கான மக்கள் செல்போனைத் தட்டிப் பார்த்தார்கள். அணைத்துப் பார்த்தார்கள். மறுபடி போட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை. சுமார் 6 மணி நேரம் இந்த நிலை நீடித்தது. நம் நாட்டில் அதிகாலை ஆன பிறகுதான் செய்திகள் மீண்டும் வரத் தொடங்கின.

காரணம் என்ன? போரா? இல்லை. புயலா? இல்லை. பூகம்பமா? அதுவும் இல்லை.

கம்பெனியின் சொந்த ஊழியர்கள் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு தவறான கட்டளை பிறந்தது. அது கம்பெனியின் கம்ப்யூட்டர் நிலையங்களை இணைக்கும் பாதை முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுத்து நிறுத்த ஒரு காவல் ஏற்பாடு இருந்தது. அதிலும் கோளாறு! இதைக் கம்பெனியே பிறகு வெளியிட்டது.

மூன்றும் ஒரே கம்பெனியின் சொத்து. ஆகவே மூன்றும் சேர்ந்து விழுந்தன.

ஆனால் அதே இரவில் வேறொன்றும் நடந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. டெலிபோன் வேலை செய்தது. சாதாரணக் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. இ-மெயிலும் போய்ச் சேர்ந்தது.

இவை ஏன் விழவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். இன்றைய செல்போன் உலகத்தின் பெரிய உண்மை ஒன்று விளங்கிவிடும்.

பாலக்கரை வாய்க்கால் சொல்லும் பாடம்

விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சி பாலக்கரை வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பார்த்தாலே போதும்.

ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால் என்று அது போற்றப்படுகிறது. வயது சுமார் ஆயிரம் ஆண்டு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது. திருச்சி நகரத்தின் ஊடே புகுந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது.

அந்தக் காலத்து மனிதர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே குளத்தில் கொட்டி, ஒரே மனிதன் கையில் சாவியைக் கொடுக்கவில்லை. தமிழ்நாடு முழுவதும் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் கரை உண்டு. மதகு உண்டு. ஓர் ஏரி நிரம்பினால், மிஞ்சிய நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அந்தந்த ஊர் மக்களே கூடி, குடிமராமத்து செய்து, தங்கள் ஏரியைக் காத்தார்கள்.

ஓர் ஏரியின் கரை உடைந்தால் அந்த ஊருக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரே நாளில் நாடு முழுவதும் தாகத்தால் தவிக்காது.

டெலிபோனும் இ-மெயிலும் இந்த ஏரிகளைப் போன்றவை. பல கம்பெனிகள் அவற்றை நடத்துகின்றன. எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. அந்த விதிப்படி, ஒருவருடைய செய்தியை மற்றவர் வாங்கிக்கொள்ள முடியும். ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கும்.

வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அப்படி அல்ல. அவை பிரம்மாண்டமான ஒரே குளம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவில் மட்டும் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் 53 கோடி பேர். பேஸ்புக் வைத்திருப்பவர்கள் 41 கோடி பேர் என்று அதில் கூறப்பட்டிருந்தது.

இத்தனை கோடிப் பேரும் தண்ணீர் குடிப்பது ஒரே குளத்தில். மதகின் சாவி ஒரே கம்பெனியிடம்.

குடியிருப்பவர் யார்? சொந்தக்காரர் யார்?

ஒரு குளம் 6 மணி நேரம் வற்றினால் பொறுத்துக்கொள்ளலாம். அடியோடு மூடிவிட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. ஒருமுறை அல்ல, பலமுறை.

ஆர்குட் என்று ஒன்று இருந்தது. இன்று நடுத்தர வயதில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளித் தோழர்களைத் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. 2014 செப்டம்பர் 30-ந் தேதி கூகுள் கம்பெனி அதை மூடியது. அதே கம்பெனி நடத்திய கூகுள் பிளஸ், 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. யாகூ குழுக்கள் 2020 டிசம்பரில் மறைந்தன. தமிழர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து தமிழில் எழுதிப் பழகிய களம் அது.

டிக்டாக்கை மத்திய அரசு 2020 ஜூன் 29-ந் தேதி தடை செய்தது. தடை சரியா, தவறா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆடியும் பாடியும் நடித்தும் பெயர் வாங்கியிருந்த எத்தனையோ எளிய மக்கள், ஒரே இரவில் தங்கள் ரசிகர்களை இழந்தார்கள்.

"கூ" என்ற இந்தியக் கம்பெனி டுவிட்டருக்குப் போட்டியாகக் கிளம்பியது. 2024 ஜூலையில் அதுவும் கடையைக் கட்டியது. ஆகவே, அயல்நாட்டுக் கம்பெனி என்றால் ஆபத்து, உள்நாட்டுக் கம்பெனி என்றால் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே குளம் என்பதுதான் ஆபத்து. அது யாருடைய குளம் என்பது இரண்டாவது கேள்வி.

இதில் பெரிய கம்பெனிக்கு நஷ்டம் கொஞ்சம். குடும்பங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

இன்று குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் செல்போனுக்குள் இருக்கிறது. பேரக்குழந்தையின் முதல் பேச்சு அதில் இருக்கிறது. மறைந்துபோன தாயின் குரல் அதில் இருக்கிறது. துபாயில் வேலை செய்யும் மகன் அனுப்பிய படங்கள் அதில் இருக்கின்றன. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்ணுக்கு அதுதான் கடை. அதுதான் கணக்குப் புத்தகம். அதுதான் வாடிக்கையாளர் பட்டியல்.

அந்தக் கணக்கை ஒருநாள் கம்பெனி முடக்கிவிட்டால் யாரிடம் முறையிடுவது? நேரில் போய்க் கேட்க ஆபீஸ் இல்லை. முகம் பார்த்துப் பதில் சொல்ல ஆள் இல்லை. "விதியை மீறினீர்கள்" என்று ஒரு வரி வரும். எந்த விதி, எப்படி மீறினோம் என்பது பல சமயங்களில் தெரியாது.

வாடகை வீட்டுக்காரராவது முன்கூட்டியே சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொல்வார். இங்கே வாடகைச் சீட்டும் இல்லை, தவணையும் இல்லை.

டெலிபோனில் கிடைத்த உரிமை

"இதற்கு வேறு வழி ஏது?" என்று கேட்கலாம். வழி இருக்கிறது. நம் நாடே அதை ஒருமுறை காட்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் செல்போன் கம்பெனியை மாற்றினால் நம்பரும் மாறிவிடும். புது நம்பரை நூறு பேருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே, சேவை மோசமாக இருந்தாலும் மக்கள் அதே கம்பெனியில் கிடந்தார்கள்.

2011 ஜனவரி 20-ந் தேதி முதல் அந்த நிலை நாடு முழுவதும் மாறியது. நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றலாம் என்ற உரிமை வந்தது. பொதுமக்கள் கை ஓங்கியது. கம்பெனிகள் இறங்கிவந்து வாடிக்கையாளரைத் தாங்கின.

யு.பி.ஐ. பணப்பட்டுவாடா 2016-ல் வந்தது. அதிலும் இதே நியாயம்தான். பாலக்கரைக் கடையில் மாட்டியிருக்கும் கட்டம் போட்ட அட்டையைப் பாருங்கள். வாங்க வருபவர் எந்தச் செயலி வைத்திருந்தாலும், எந்தப் பாங்கியில் கணக்கு வைத்திருந்தாலும் பணம் போய்ச் சேருகிறது. "எங்கள் பாங்கிக்காரர் மட்டும் வாருங்கள்" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

ஒரு கம்பெனி போனிலிருந்து இன்னொரு கம்பெனி போனுக்குப் பேச முடியாது என்றால் மக்கள் ஒப்புக்கொள்வார்களா? மாட்டார்கள். ஆனால் செய்தி அனுப்பும் செயலிகளில் மட்டும் அதையே ஒப்புக்கொண்டு இருக்கிறார்கள்!

பல வீடுகள், ஒரே தெரு

இந்தக் குறையை நீக்க ஒரு முயற்சி நடந்து வருகிறது. அதில் பெயர் பெற்றது "மாஸ்டோடன்".

மாஸ்டோடன் என்றால் யானை இனத்தைப் போன்ற ஒரு பழங்கால மிருகம். இப்போது பூமியில் இல்லை. அந்தப் பெயரில், ஜெர்மனியில் வாழும் யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் 2016-ல் ஒரு மென்பொருளை உருவாக்கினார். இலவசமாக யாரும் எடுத்து நடத்தலாம் என்று வெளியிட்டார்.

அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு கல்லூரியோ, சங்கமோ, தனி மனிதரோ தங்கள் செலவில் ஒரு சர்வர் நடத்தலாம். ஓட்டல் சர்வர் அல்ல! கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் அந்தப் பெயர். அதைத் தமிழில் "நிலையம்" என்று சொல்லிக்கொள்வோம். மக்கள் தங்களுக்குப் பிடித்த நிலையத்தில் சேரலாம். எழுதலாம், படம் போடலாம், பதில் சொல்லலாம்.

விசேஷம் இனிமேல்தான் இருக்கிறது. ஒரு நிலையத்தில் இருப்பவர், வேறு நிலையத்தில் இருப்பவரோடும் பேசலாம். தபால் போல! பாலக்கரையில் போடும் கடிதம் ஸ்ரீரங்கத்துக்கும் போகிறது, சிங்கப்பூருக்கும் போகிறது. இரண்டு நாட்டுத் தபால் இலாகாவும் வேறு வேறுதான். ஆனாலும் விதி பொது.

மாஸ்டோடனில் விலாசமும் கடித விலாசம் போலத்தான். முதலில் ஆளின் பெயர். அடுத்து நிலையத்தின் பெயர். "பாலக்கரை முருகன்", "ஸ்ரீரங்கம் முருகன்" என்று இருவரை நாம் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? அதே முறை.

இந்தப் பொது விதிக்கு "ஆக்டிவிட்டிபப்" என்று பெயர். இணையத்துக்கான விதிகளை வகுக்கும் உலக அமைப்பு, 2018 ஜனவரியில் அதை ஏற்று அறிவித்தது. அதே விதியைக் கொண்டு, படம் பகிரவும் வீடியோ பகிரவும் வேறு மென்பொருள்களும் நடக்கின்றன. அவையும் ஒன்றோடு ஒன்று பேசும்.

மாஸ்டோடன் மென்பொருளில் விளம்பரம் கிடையாது. யார் எழுதியதை முதலில் காட்டலாம், எதைக் காட்டினால் கோபம் மூளும், எதைக் காட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்கள் என்று கணக்குப் போடும் யந்திரமும் கிடையாது. எழுதிய வரிசையில் வரும். அவ்வளவுதான்.

இந்தியாவில் இதன் பெயர் அடிபட்டது 2019 நவம்பரில். சுப்ரீம் கோர்ட்டு வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் நிறுத்தி வைத்தது. அதைக் கண்டித்துப் பலர் மாஸ்டோடனுக்குக் குடி பெயர்ந்தார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் டுவிட்டரை விலைக்கு வாங்கினார். உடனே உலகம் முழுவதும் இன்னொரு குடிபெயர்ச்சி. மாதந்தோறும் மாஸ்டோடனைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தார்கள்.

தமிழருக்குப் புதிதல்ல

பலர் கையில் இருந்தால் பிழைக்கும். ஒருவர் கையில் இருந்தால் அழியும். இந்த உண்மை தமிழருக்குப் புதிதல்ல.

சங்க நூல்கள் எப்படிப் பிழைத்தன? ஏதோ ஓர் அரண்மனைப் பெட்டியில் பூட்டி வைத்ததாலா? இல்லை. ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகள் பல ஊர்களில், பல மடங்களில், பல புலவர் வீடுகளில் இருந்தன. ஒரு வீட்டு ஏட்டைச் செல் அரித்தது. இன்னொரு வீட்டு ஏடு தப்பியது. அவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஒப்பிட்டு அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர்.

ஒரே இடத்தில் இருந்ததால் வந்த துயரமும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. அவற்றில் பல ஏட்டுச் சுவடிகளுக்கு வேறு பிரதியே இல்லை. தமிழ் உலகம் அதை இன்றும் மறக்கவில்லை.

கம்ப்யூட்டர் காலத்திலும் தமிழர்கள் இதே பாடத்தைக் கற்றார்கள். 1990-களில் தமிழ் எழுத்துரு ஒவ்வொருவருக்கும் ஒரு விதம். ஒருவர் அடித்த கடிதம் மற்றவர் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் இருந்த தமிழர்கள் கூடிப் பேசினார்கள்; வாதாடினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பொதுவான விசைப்பலகை வந்தது. பிறகு யூனிகோடு என்ற உலகப் பொது முறை பரவியது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இன்று எந்தக் கம்பெனி போனை வாங்கினாலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. கம்பெனி பல, விதி ஒன்று. அதன் பலன் இது.

2004-ல் காசி ஆறுமுகம் என்பவர் "தமிழ்மணம்" என்ற திரட்டியைத் தொடங்கினார். அன்று தமிழர்கள் ஆளுக்கொரு வலைப்பூ வைத்து எழுதினார்கள். எழுத்து அவரவர் வீட்டில் இருந்தது. புதிதாக யார் என்ன எழுதினார்கள் என்பதைத் தமிழ்மணம் ஒரே பக்கத்தில் காட்டியது. பிற்காலத்தில் அந்தத் திரட்டியின் ஆட்டம் ஓய்ந்தது. ஆனால் அதை நம்பி எழுதியவர்களின் எழுத்து அதோடு போய்விடவில்லை. அவை வேறு வேறு வீடுகளில் இருந்தன அல்லவா?

பூட்டிய அறையில் புதைந்த பதில்

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது வெளியே தெரியாத நஷ்டம்.

இன்று வீட்டுக்கு வீடு தினமும் கேள்விகள் எழுகின்றன. போன் ஏன் சூடாகிறது? பாட்டிக்கு எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி? ஆதாரில் விலாசம் மாற்ற என்ன செய்ய வேண்டும்? பரிசு விழுந்தது என்று வந்த செய்தியைத் தொடலாமா? தவறான நம்பருக்குப் பணம் போய்விட்டால் யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரருக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அவர்களும் வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதுகிறார்கள்.

எழுதிய பதில் எங்கே போகிறது? காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. மறுமாதம் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்கிறார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த தெருவில் இருப்பவருக்கு அந்தப் பதில் கிடைக்கவே கிடைக்காது. பூட்டிய அறைக்குள் பேசிய பேச்சு அது.

திறந்த இடத்தில் எழுதிய பதில் அப்படி அல்ல. தேடினால் கிடைக்கும். பத்துப் பேருக்குச் சொன்னது பத்தாயிரம் பேருக்கு உதவும். தவறு இருந்தால் விஷயம் தெரிந்த ஒருவர் திருத்துவார்.

தமிழில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பொதுமக்கள் எழுதியது. "கணியம்" என்ற இணைய இதழ், இலவச மென்பொருள்களைப் பற்றித் தமிழில் விளக்கி வருகிறது. இவற்றில் எழுதுபவர்கள் நம்மைப் போன்றவர்களே.

மோசடிக்காரர்களுக்கு இருட்டுத்தான் பிடிக்கும். "இப்படி ஒரு போன் வந்தது, இப்படிக் கேட்டான், நான் கொடுக்கவில்லை" என்று ஒருவர் வெளிப்படையாக எழுதினால் நூறு குடும்பம் தப்பும். பணம் பறிபோனவர்கள் தயங்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும். இதையும் ஒருவருக்கொருவர் சொல்லிவைப்பது நல்லது.

குறை இல்லையா?

உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

முதல் குறை: ஆள் குறைவு. வாட்ஸ்அப்பில் அத்தை இருக்கிறார், மாமா இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். மாஸ்டோடனில் தமிழ் பேசுபவர்கள் கொஞ்சம் பேரே. ஆள் இல்லாத சந்தையில் யார் கடை போடுவார்கள்?

இரண்டாவது: பொறுப்பு. சொந்த ஏரி என்றால் தூர் வாருவதும் நம் வேலைதான். நிலையம் நடத்துபவர் பணம் செலவு செய்ய வேண்டும். ஆபாசத்தையும் வசையையும் அகற்ற வேண்டும். சலித்துப்போனால் நிலையத்தையே மூடிவிடவும் கூடும். மொசில்லா என்ற பெயர் பெற்ற அமைப்பே தன் மாஸ்டோடன் நிலையத்தை 2024 டிசம்பரில் மூடியது.

ஆனால் ஒரு வித்தியாசம். ஒரு நிலையம் மூடப்படும்போது, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தால், அங்கே இருப்பவர் வேறு நிலையத்துக்குக் குடி போகலாம். தம்மைப் பின்தொடர்பவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாம். பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது. அவற்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: இரகசியம். அங்கே ஒருவருக்கு மட்டும் எழுதும் தனிச் செய்தியை, நிலையம் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி பூட்டு உண்டு. ஆகவே குடும்ப இரகசியத்தை மாஸ்டோடனில் எழுதுவது புத்திசாலித்தனம் அல்ல. அது திண்ணை, படுக்கையறை அல்ல.

திருச்சி செய்ய வேண்டியது

நெதர்லாந்து நாட்டு அரசாங்கம் 2023-ல் தனக்கென்று ஒரு மாஸ்டோடன் நிலையம் தொடங்கியது. ஜெர்மனியின் மத்திய அரசு இலாகாக்களுக்கும் நிலையம் இருக்கிறது. "அரசாங்கம் மக்களுக்குச் சொல்லும் செய்தி, தனியார் கம்பெனியின் தயவில் இருக்கக் கூடாது" என்பதே இதன் நியாயம். செய்திச் செயலிகளை நடத்தும் பெரிய கம்பெனிகள் மற்றவர்களுக்கும் வாசல் திறக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்தது. அந்தக் கடமைகள் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தன.

நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமையைக் கொடுத்த நாட்டுக்கு இது முடியாத காரியம் அல்ல.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருச்சி கல்லூரிகள் நிறைந்த ஊர். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, பிறகு திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி இருக்கிறது. 1951-ல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்த என்.ஐ.டி. இருக்கிறது. 1982-ல் அமைந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிப்பில் ஆண்டுதோறும் மாணவர்கள் வெளிவருகிறார்கள்.

இவற்றில் ஏதேனும் ஒன்று, திருச்சி மக்களுக்காகத் தமிழில் ஒரு நிலையம் தொடங்கலாமே! மென்பொருள் இலவசம். சில நூறு பேருக்குப் பெரிய யந்திரம் தேவையில்லை. நடத்தும் மாணவருக்கு அதுவே பாடம். காந்தி மார்க்கெட் வியாபாரிக்கும், பாலக்கரைக் குடும்பத் தலைவிக்கும், ஸ்ரீரங்கத்துப் பெரியவருக்கும் அது கேள்வி கேட்கும் இடம். பஸ் தடம் மாறினால் அங்கே தெரியும். புது மோசடி கிளம்பினால் அங்கே தெரியும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

இருக்கும் செயலிகளை இன்றே தூக்கி எறிய வேண்டாம். ஆனால் முழுவதும் அவற்றையே நம்பி இருக்க வேண்டாம். இதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

முக்கியமான நம்பர்களை ஒரு நோட்டில் மையால் எழுதி வைக்க வேண்டும். போன் தொலைந்தாலும், கணக்கு முடங்கினாலும் அந்த நோட்டு பேசும்.

மாதம் ஒருமுறை, நல்ல படங்களையும் குரல்களையும் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ பிரதி எடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருப்பதுதான் இருப்பு. ஒரே இடத்தில் இருப்பது இரவல்.

செயலி மூலம் வியாபாரம் செய்பவர்கள், வாடிக்கையாளரின் பெயரையும் நம்பரையும் தனியாக எழுதி வைக்க வேண்டும். அதுதான் உண்மையான முதல்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச இரண்டு வழியாவது வைத்திருக்க வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றொன்று திறந்திருக்கும்.

வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், மாஸ்டோடன் போன்ற ஒன்றில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்க்கச் சொல்லலாம். தெரிந்த விஷயம் ஒன்றை வாரம் ஒருமுறை நல்ல தமிழில் எழுதச் சொல்லலாம். "பிரஷர் குக்கர் விசில் ஏன் வரவில்லை?" என்பதாக இருந்தாலும் சரிதான். தேடி வருபவருக்கு அது அமுதம்.

பேச்சு மனிதனின் சொத்து. அதைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சாவி முழுவதையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, "கதவு திறக்கவில்லையே" என்று பிறகு வருந்திப் பயன் இல்லை.

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஆயிரம் ஆண்டு ஓடியது எதனால்? அதை வெட்டிய மன்னன் ஒருவன். காத்த கைகள் பல்லாயிரம். இன்றைய தகவல் வாய்க்காலுக்கும் அந்தப் பல்லாயிரம் கைகள்தான் காவல்.